வீடு கிளம்பிப் போன நாள்

போன மாதம் ஒரு சாயங்காலம் மகள் எங்கள் இருவரையும் காரில் ஏற்றி, ஷார்ஜாவை விட்டு வெகுதூரம் ஓட்டி, பாலைவனத்தின் ஓரமாக வண்டிக்கடைகள் வரிசைகட்டி நிற்கிற ஓரிடத்தில் கொண்டுபோய் இறக்கினாள். ஊருக்குள் ஆயிரம் கடை இருக்க, காபி குடிக்க மணலைத் தேடி வருவதுதான் இப்போது நாகரிகமாம். மணலை விட்டு எப்போது ஊருக்குள் போவோம் என்று ஏங்கிக் கிடந்தவன் நான். இதை அவளிடம் சொன்னால் ஆங்கிலத்தில் பெருமூச்சு விடுவாள். அதனால் சொல்லவில்லை.

வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளி நிற வண்டி நின்றது. பன் ரொட்டியின் மேல்பாகம் மாதிரி வளைந்த கூரை, உடம்பெல்லாம் வரிசையாக ஆணித் தலைகள், பக்கவாட்டுத் தகட்டை வெட்டி ஒரு பெரிய ஜன்னல். அதற்குள்ளிருந்து ஒரு பெண் காபி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கோமதி நேராக அதன் பக்கத்தில் போய் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வாங்க! நம்ம வீட்டுல காபி விக்காக!”

சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். இந்தக் கதையில் மகளுக்குப் பாதிதான் தெரியும். மீதியை அன்றைக்கு அவளுக்குச் சொன்னோம். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அபுதாபிக்கு மேற்கே, பாலைவனத்தின் குறுக்காகக் குடிநீர்க் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். குழாய் முன்னே போகப் போக, கேம்ப்பும் பின்னாலேயே நகர்ந்து போகும். ஒட்டுப்பலகை அறைகளில் ஆறு பேர், எட்டு பேர் என்று எல்லோரும் இருந்தோம். கேம்ப் மூலையில் இதே மாதிரி வெள்ளி வண்டி ஒன்று சும்மா நின்றது. எங்கள் காலத்துக்கு வெகுமுன்பே எண்ணெய் தேட வந்த வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு குடியிருந்து, பிறகு விட்டுப்போன வீடு அது என்றார்கள். என்னைவிட அதற்கு வயது கூட. நாங்கள் கேரவன் என்று சொல்வோம். அதற்குள் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தோம்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். கல்யாணத்துக்குப் பிறகு கோமதியோடு நான் சேர்ந்திருந்தது மொத்தம் நாற்பது நாள். எங்கள் என்ஜினீயர் அபு நாதிரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மூன்று மாத விசிட் விசாவில் அவளை அழைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். அவர் நல்ல மனிதர், ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். “மூன்று மாதம். அதற்கு மேல் கலாஸ், முடிந்தது. கேம்ப்புக்குள் குடும்பம் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி” என்று விரலை ஆட்டிச் சொன்னார். அந்த மூன்று மாதத்துக்குக் கேரவனை ஒதுக்கிக் கொடுத்தார்.

அன்றைக்கே கோவில்பட்டிக்குக் கடிதம் எழுதினேன். வெள்ளி நிறத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. தரையெல்லாம் கம்பளம். ஏசி உண்டு, ஃப்ரிட்ஜ் உண்டு, குளியலறை வீட்டுக்குள்ளேயே. நான்கு பக்கமும் ஜன்னல், அக்கம்பக்கத்துத் தொந்தரவு கிடையாது. நீங்களே சொல்லுங்கள், இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? சக்கரத்தைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான். கடிதத் தாளில் இடம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதி வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து பிக்கப்பில் மூன்று மணி நேரம். பட்டுச்சேலை முழுக்கப் புழுதியோடு அந்த வீட்டுக்கு எதிரே நின்றவள் என்னிடம் கேட்டாள்.

“வீடு எங்க?”

“இதுதான்.”

“இது வண்டில்லா?”

நான் பெட்டியை உள்ளே தூக்கிப்போனேன். பதிலில்லாத கேள்விகளுக்குப் பெட்டி தூக்குவது நல்ல வழி, கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டின் வாசனை இன்னமும் மூக்கில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த தகடு, பழைய பலகையின் பசை, யாரோ எப்போதோ குடித்த சுருட்டு, இவையெல்லாம் கலந்த ஒரு மக்கிய வாசனை. கோமதி வந்த மறுநாள் சாம்பாருக்குத் தாளித்தாள். பெருங்காயம் எண்ணெயில் விழுந்ததும் அந்தப் பழைய வாசனை பின்வாசல் வழியாக ஓடிப்போனது, அதற்கப்புறம் திரும்பவே இல்லை. அதற்குப் பதிலாக என் சட்டை, தலையணை, பாஸ்போர்ட் எல்லாம் பெருங்காயம் மணக்க ஆரம்பித்தன. ஸ்டோருக்கு ஸ்பானர் வாங்க வருகிறவன் என்னை மோந்து பார்த்து “ஆஜ் க்யா பனாயா பாய்?” என்று சமையலை விசாரித்துவிட்டுத்தான் ஸ்பானர் கேட்பான்.

ஒரு ஆள் நடந்தால் வீடு முழுக்க நடக்கும். நான் படுக்கையில் புரண்டால் அடுப்படியில் தட்டு கிலுங்கும். சாப்பாட்டு மேஜையை மடக்கினால் அது கட்டில். கட்டிலை விரித்துவிட்டால் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காது. ஒருவர் கடந்துபோக வேண்டுமென்றால் மற்றவர் உட்கார வேண்டும். அடுப்புக்குக் கீழே ரொட்டி சுடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அதில் கோமதி புளியையும் மிளகாய் வற்றலையும் வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும்விடச் சிக்கல், சண்டை போடுவது. கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக அடுத்த அறை கிடையாது. வெளியே போய்க் கோபத்தைக் காட்டலாமென்றால், வெயில் ஐந்து நிமிடத்தில் கோபத்தை மறக்கடித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் அந்த வெயிலை வேலைக்கு வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது. துவைத்துப் போட்ட சேலை பதினைந்து நிமிடத்தில் அப்பளம் மாதிரி விறைத்துவிடுவதைப் பார்த்தவள், ஒருநாள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். மறுநாள் விடியற்காலையில் கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு, ஏணி வைத்து ஏறினாள். வேட்டியை விரித்து, முறுக்கு உரலில் பிழிந்து வைத்தாள். பத்து மணிக்கெல்லாம் வத்தல் கலகலவென்று காய்ந்துவிட்டது. “எங்க ஊர்ல மூணு நாளாகும்” என்றாள். வந்த நாளிலிருந்து அவள் சந்தோஷமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு கூரையில் எப்போது பார்த்தாலும் வத்தல்தான். எங்கள் கனரக லாரி ஓட்டுகிற கான், ஆறரை அடி பட்டாணியர், மீசை மட்டும் அரையடி தேறும், வண்டியின் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்து, “பாபிஜி, சத் பர் க்யா ஹை?”, அண்ணி, கூரையில் என்ன, என்று கேட்டுவிட்டு, பொரித்த வத்தல் ஒரு கை வாங்கிக்கொண்டு போவார். குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கிற அந்த வெளியில், அவர் வத்தல் கடிக்கிற சத்தம் கேட்கும்.

இப்படியே இரண்டரை மாதம் போனது. விசா முடியப் பத்து நாள் இருக்கையில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. ஆரம்பம் என்னவென்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. குளியலறைத் தண்ணீரை நான் தீர்த்துவிட்டேன் என்று இருக்கலாம். முடிவு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

“வண்டிய வீடுன்னு எழுதி என்னக் கூட்டிட்டு வந்தீக. பத்து நாள் கெடக்கேன், அப்புறம் ஊருக்குப் போறேன். அதுக்கு மேல பேசுனீகன்னா இப்பமே நடந்து போயிருவேன்.”

“போறதுன்னா போ. அதான் விசாவும் முடியுதே” என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு வந்துவிட்டேன். அவளை அங்கேயே வைத்துக்கொள்ள வழியில்லாத ஆத்திரம், அவள் மேலேயே பாய்ந்தது. கம்பெனி கையெழுத்துப் போட்டால் குடும்ப விசா கிடைக்கும். அபு நாதிர் போட மாட்டார். இதை அவளிடம் சொல்லவும் எனக்கு வெட்கம்.

சொல்ல வேண்டிய இன்னொன்றையும் சொல்லாமல் வந்துவிட்டேன். கேம்ப் முப்பது கிலோமீட்டர் முன்னால் நகர்கிற நாள் அது. கேரவனை இழுக்கிற பொறுப்பு கானுக்கு. முந்தின நாளே நான் அவரிடம், “வீடு காலியாக இருக்கும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தேன். காலையில் அவளை என்னோடு ஸ்டோருக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. சண்டையில் எல்லாம் மறந்தது. கான் எப்படியும் சாயங்காலம்தான் வருவார் என்று மனது ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டது.

மதியம், போனால் போகிறது நாமே இறங்கிப் போவோம் என்று, ஒரு டின் அன்னாசிப்பழத்தைச் சமாதானத்துக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீடு இல்லை.

நான்கு சிமென்ட் கட்டைகள் இருந்தன. வெயில் படாமல் நிறம் மாறிக் கிடந்த நீளச் சதுர மணல் இருந்தது. கொடியில் என் கைலி ஆடிக்கொண்டிருந்தது. கேம்ப்பில் ஆளில்லை, எல்லோரும் சைட்டில். சமையற்காரரிடம் ஓடிப்போய் பாபியைப் பார்த்தாயா என்றேன். இல்லை என்றார். அப்போதுதான் காலையில் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. இப்பமே நடந்து போயிருவேன்.

நான்கு திசையிலும் மணல். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்றைக்கு அப்படி இல்லை. அந்த வெயிலில் ஒருத்தி நடந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். குனிந்து தரையில் அவள் செருப்புத் தடத்தைத் தேடினேன். வாசற்படி இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கானுடைய பெரிய பூட்ஸ் தடம் இருந்தது. காலையில் விறைத்துக்கொண்டு போன என்னுடைய தடம் இருந்தது. விடியற்காலையில் ஏணிக்குப் போய்த் திரும்பியதைத் தவிர அவளுடையது ஒன்றுகூட இல்லை. மூன்றாவது சுற்றில்தான் மண்டையில் உறைத்தது. அவள் இறங்கவே இல்லை. வீட்டோடு போய்விட்டாள்.

பிக்கப்பை எடுத்துக்கொண்டு லாரித் தடத்தில் விரட்டினேன். ஓரிடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று திகைத்து நின்றால், வலதுபுறத் தடத்தில் வெள்ளையாக ஏதோ மின்னுகிறது. இறங்கிப் பார்த்தேன். கூழ் வத்தல்! அன்றைக்குக் காலையில் கூரையில் காயப்போட்டது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அப்புறம் நாலைந்து. என் மனைவியை நான் வத்தல் பொறுக்கிக்கொண்டே தேடிப்போனேன் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

பதினெட்டு, இருபது கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். ஒரு மணல்மேட்டின் நிழலில் லாரியும் வீடும் நின்றன. கான் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தார்.

“பாய், கசம் ஸே, முஜே மாலூம் நஹி தா! தட்டினேன், திறக்கவில்லை! பாபி உள்ளே இருப்பது சத்தியமாகத் தெரியாது!”

என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை அந்த ஆறரை அடி மனிதர். பொம்பளையைக் கடத்தினான் என்று ஜெயிலில் போடுவார்களே என்று அவருக்குப் பயம். நான் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தேன். கோமதி படியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. திருவிழாவில் ராட்டினம் சுற்றி இறங்கியவள் மாதிரி இருந்தாள்.

“தட்டுன சத்தம் கேக்கலியா?” என்றேன்.

“கேட்டுச்சு. நீங்க கெஞ்ச வந்திருக்கீகன்னு நெனச்சேன். நல்லாத் தட்டட்டும்னு படுத்திருந்தேன். ஏசி நின்னுச்சு, எப்பவும் போல ஜெனரேட்டர நிறுத்திருக்காகன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா சன்னல்ல மணல் ஓடுது.”

முதலில் பயந்திருக்கிறாள். பிறகு, எழுந்து தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டகக் கூட்டம் ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடி வந்ததாம். இதுவரை பார்க்காத சிவப்பு மணல் பார்த்தாளாம். கான் தேநீருக்காக வண்டியை நிறுத்தியபோது, கதவைத் திறந்து “பாய், எனக்கும் ஒரு டீ” என்றிருக்கிறாள். அவர் அலறியது அடுத்த மணல்மேடு வரை கேட்டிருக்குமாம்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று குரலை இறக்கினாள். “இங்க வாங்க, ஒண்ணு காட்டுதேன்.” உள்ளே கூட்டிப்போனாள். குலுக்கலில் எங்கள் துணி அலமாரியின் பக்கத்தில் ஒரு பலகை விலகியிருந்தது. இவ்வளவு நாளும் சுவர் என்று நினைத்தது உண்மையில் ஒரு சின்னக் கதவு. அதன் உட்புறத்தில் பென்சில் கோடுகள். என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒன்று, அதற்கு மேலே விரற்கடை விட்டு ஒன்று, இப்படி ஏழெட்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைக்கார எழுத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது.

“ஒரு பிள்ள வளந்த வீடுங்க இது” என்றாள் கோமதி. “நான் வண்டின்னு சொன்னது தப்பு.”

நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையெழுத்து, விதி, என் வெட்கம் எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அபு நாதிர் சரியாக என்ன வார்த்தை சொன்னார் என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், “கிளம்பச் சொல்லுங்க. நான் உள்ளதான் வருவேன்” என்றாள். கான் மாட்டவே மாட்டேன் என்று காதைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவளை என்னோடு பிக்கப்பில் ஏற்றினோம். வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பின்னால் வருகிற வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புது கேம்ப்பில் அபு நாதிர் வெயிலில் நின்று எல்லைக் கம்பம் நடுகிற ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். கோமதி பிக்கப்பிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனாள். ஊரில் அவள் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். இங்கிலீஷ் தெரியும், பேசிப் பழக்கமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற தோரணையில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஆரம்பித்தாள்.

“சார். ரூல் இஸ், நோ ஃபேமிலி இன்சைட் கேம்ப். எஸ்?”

“எஸ்” என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

“சார், மை ஹவுஸ் ஹேஸ் வீல்.” கையை நீட்டினாள். நடப்பட்ட கம்பங்களுக்கு வெளியே, இருபது முப்பது அடி தள்ளி வெறும் மணலைக் காட்டினாள். “புட் தேர். அவுட்சைட் கேம்ப்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை போனதென்றே முடிவு செய்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது அபு நாதிர் கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்த்தார். தன் சட்டப் புத்தகத்தை மனதுக்குள் ஒரு பக்கம் விடாமல் புரட்டுகிறார் என்று தெரிந்தது. பிறகு மெதுவாக நடந்துபோய், கம்பத்துக்கு வெளியே, ஷூ முனையால் மணலில் ஒரு நீளக் கோடு இழுத்தார்.

“யல்லா, கான்! இந்தக் கோட்டைத் தாண்டி நிறுத்து. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சக்கரம்கூட வரக் கூடாது” என்று கத்தினார். என்னிடம் திரும்பி, சிரிக்காமல் சொன்னார், “நாளைக்கு விசாத் தாளை எடுத்து வா.”

கான் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, அளந்து வைத்தாற்போல் நிறுத்தினார். அந்த அன்னாசிப்பழ டின்னைத் திறந்து நான்கு பேரும் நின்றபடியே தின்றோம்.

மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தோம். பதினோரு தடவை இடம் மாறினோம். ஒவ்வொரு தடவையும் அபு நாதிர் முதலில் வந்து கோட்டைப் போடுவார், அதற்குப் பிறகுதான் வீடு வரும். வழியில் போகிற லாரிக்காரர்கள் எங்கள் வீட்டைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள். பாலைவனத்தில் கொடியில் சேலை காய்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஹாரன் அடிக்கத் தோன்றாது? இரண்டாம் வருடம் மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயதாகையில் குழாய் போய்ச் சேர வேண்டிய ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். வேலை முடிந்தது. எனக்கு ஷார்ஜாவில் வேறு வேலை கிடைத்தது, அங்கே ரோலா பகுதியில் இரண்டாவது மாடியில் ஓர் அறை. அங்கே குடிபோன முதல் வாரம் கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டிடத்தையே பார்ப்பாள். “எப்பப் பாத்தாலும் இதேதான் தெரியுது” என்பாள். கேரவனைப் பழைய இரும்புக்கு விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். கானிடமிருந்து நாலைந்து வருடம் பெருநாளுக்குக் கடிதம் வந்தது, யாரிடமோ சொல்லி எழுதுவார். பிறகு அதுவும் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் போனோம். மணல் தடமாகக் கிடந்தது இப்போது ஆறு தடச் சாலை. ஒட்டகம் குறுக்கே வராமல் இருபுறமும் கம்பி வேலி. கண்ணுக்கு எட்டும் வரை நட்டு வைத்த மரங்கள். எங்கள் பதினோரு இடங்களில் ஒன்றையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன். “நிறுத்துங்க” என்றாள் கோமதி. வண்டியை ஓரங்கட்டினேன். நிறுத்தக் கூடாத இடம்தான். இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“இங்கதான் பாப்பா மொத மொத நடந்தா. படியிலருந்து இறங்கி, கோட்டத் தாண்டி, நேரா அபு நாதிர் காலப் பிடிச்சுக்கிட்டா.”

“அது இங்க இல்ல. இன்னும் பத்து கிலோமீட்டர் போகணும். அங்க ஒரு மேடு இருந்துச்சு.”

“மேடு அதுக்கு முந்துன எடத்துல. ஒங்களுக்கு என்ன தெரியும், நீங்க ஸ்டோர்லல்லா இருந்தீக.”

லாரிகள் எங்களைக் குலுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ரோந்து போலீஸ் கார் ஒன்று பின்னால் வந்து நின்றது. இளம் போலீஸ்காரர் இறங்கி வந்து, ஏதாவது பிரச்சினையா என்று மரியாதையாகக் கேட்டார். மாஃபி முஷ்கிலா, ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். எதைத் தேடுகிறீர்கள் என்றார். வேலிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி, முன்பு எங்கள் வீடு அங்கே இருந்தது என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். மணலைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“இங்கே வீடு எதுவும் இருந்ததில்லையே” என்றார்.

“இருந்துச்சு” என்றாள் கோமதி, தமிழில்.